கதகளிக்குத் தமிழ் சொன்ன அக்கா

அக்காவிடம் எதையும் சுருக்கிச் சொல்ல முடியாது. "மேனேஜர் கோவமா இருக்காகக்கா" என்றால் விட மாட்டார். "கோவமா இருக்கேன்னு அவுக சொன்னாகளா? என்ன சொன்னாக, அந்தச் சொல்ல அப்படியே சொல்லு" என்பார். யார் லைட்டை அணைக்காமல் போனது என்று கேட்டார் என்று நான் சொன்னதும், "அதச் சொல்லு. அதுல கோவம் எங்கன இருக்கு? கேள்விதான இருக்கு" என்று முடிப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இப்படி என்னை நிறுத்தி வைத்துக் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சல் என்ன செய்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன். முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

குமுளியில் வெளியூர்க்காரர்களுக்காகத் தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்குக் கதகளி ஆடும் ஓர் அரங்கு. நான் அங்கே டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தேன். நான் கம்பத்தில் பஸ் ஏறுவேன், அக்கா கூடலூரில் ஏறுவார். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது, நேற்றைய ஆட்டத்தில் யார் எந்தக் கையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு நாங்கள் ஏதோ சொந்தக்காரர்களைத் திட்டிக்கொண்டு வருகிறோம் என்றுதான் தோன்றும். என்னை அவர் 'பாய்' என்பார். அவர் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் அது வேண்டாம்.

அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். சின்ன வயதில் அவரும் தங்கச்சியும் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தோட்ட வேலையில் இடுப்பு விட்டுப்போன பிறகு இவர் அரங்குக்கு வந்தார், தங்கச்சி தோட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தாள். தமிழ்க் கூட்டம் வரும் நாட்களில் ஆட்டத்துக்கு முன்னால் கதையைத் தமிழில் வாசிக்க ஒரு தாள் வைத்திருந்தார்கள். மலையாளத்தில் இருந்ததை யாரோ எழுத்தை மட்டும் மாற்றித் தமிழ் என்று கொடுத்திருந்தார்கள். அதை மைக்கில் வாசிப்பது என் வேலை. ஒருநாள், 'தாகம் தாங்காமல் ராஜா வெள்ளம் கேட்கிறார்' என்று வாசித்தேன். அடுத்த வரி, 'ராணி தனியே நின்று கரைகிறாள்.' பின்வரிசையில் துடைப்பத்தோடு நின்ற அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா பயப்படவில்லை. "நீங்க தண்ணிய வெள்ளம்பீக. எங்களுக்கு வெள்ளம்னா ஆறு ஒடைச்சுக்கிட்டு வர்றது. தாகத்துக்கு வெள்ளம் கேட்டா ஊரு முங்கிப்போகும்ல? உங்களுக்குக் கரையுறதுன்னா அழுகுறது. எங்க ஊருல ராணி கரையணும்னா அவுக என்ன சீனியா?" என்றார். மறுவாரம் மைக் அவர் கைக்குப் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்றால் அது பொய். கொஞ்சம் இருந்தது.

தாளை அவர் தொடவே இல்லை. கூட்டிப் பெருக்கிய மூன்று வருடத்தில் ஆட்டம் முழுவதும் அவர் மனதில் ஏறியிருந்தது. இரண்டு பேர் ஒரு பட்டுத்துணியை ஆளுக்கொரு முனையாகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கதகளியில் அதுதான் திரை. துணிக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நின்று, சலங்கை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா மைக்கைப் பிடிப்பார். "இவுக யாரும் பேச மாட்டாக. பின்னால நிக்கிற ரெண்டு பேரு பாடுவாக. பாட்டுல வர்ற ஒவ்வொரு சொல்லையும் இவுக கை சொல்லும். கை சொல்றத அவுக மூஞ்சி மொதல்ல நம்பணும். அது நம்புனாத்தான் நாம நம்புவோம்." பிறகு தன் கையையே விரித்துக் காட்டுவார். "இந்தா, ஒரே கைதான். உள்ள இழுத்தா 'வா'. வெளிய தள்ளுனா 'நில்லு'. ஒரு விரக்கடை மாறுனாப் போதும், வான்னு கூப்புட்டவ போன்னு சொன்னவளா ஆயிருவா. அதனால கண்ண எடுக்காமப் பாருங்க."

மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா ஒருமுறை பொறுமை இழந்து கேட்டார், "ஒரே வரிய எத்தன தடவைம்மா பாடுவாக?" மேடையில் ஒரு ராஜா, காட்டில் விட்டுவந்த மனைவியை நினைத்து நின்றுகொண்டிருந்தார். பாட்டுக்காரர் கால் மணி நேரமாக அந்த ஒரு வரியிலேயே இருந்தார். அக்கா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "பாட்டுக்காரரு சொல்லி முடிச்சிட்டாகம்மா. ராஜாவுக்கு இன்னும் அழுது முடியல. அவுக முடிக்கிற வரைக்கும் பாட்டு நிக்கணும்ல." அந்த அம்மா அதற்குப் பிறகு வாட்சைப் பார்க்கவில்லை. போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கும் மேனேஜருக்கும் பெரிய சண்டை வந்தது அந்த அரக்கி கதையில்தான். அழகான பெண்ணாக வேஷம் மாறி வந்து, மார்பில் விஷத்தைத் தடவிக்கொண்டு, தெய்வக் குழந்தைக்குப் பால் கொடுக்க வருகிறாளே, அவள் கதை. மற்ற எல்லாக் கதைக்கும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். இந்தக் கதைக்கு மட்டும் அக்கா அவளை அரக்கி என்று சொல்ல மாட்டார். "ஒரு பொம்பள ஒரு பிள்ளையப் பாக்க வர்றா" என்று மட்டும் சொல்லி ஆரம்பிப்பார்.

மேனேஜர் கத்தினார். அக்கா கேட்கவில்லை. "அந்தப் பிள்ளையத் தூக்குனதும் அவ கை நடுங்குது சார், பாத்திருக்கீகளா? கொல்ல வந்தவளுக்குப் பாலு சொரக்குது. போயிருவமான்னு எந்திரிக்கிறா, திரும்பி உக்காருறா. அரக்கி அரக்கின்னு மொதல்லயே சொல்லிட்டா, இது பூராவையும் நடிப்புன்னு நெனைச்சுருவாக. அது நடிப்பு இல்ல." மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் டிக்கெட் கட்டையைப் பார்த்துக்கொண்டேன். கடைசி வரை அக்கா அந்த வார்த்தையை மைக்கில் சொல்லவில்லை.

தங்கச்சிக்கு இதெல்லாம் விளையாட்டு. அக்காவுக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அக்காதான் வளர்த்தார். இருவரும் கூடலூரில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி கட்டிக்கொடுத்த இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். சாயந்திரம் தோட்டத்து ஜீப் குமுளியில் நின்றால் சில நாள் கவுன்ட்டருக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். "எங்க அக்கா கையாட்டிக்கிட்டு இருக்காளா?" என்று கேட்டுச் சிரிப்பாள். உள்ளே வந்து ஒரு ஆட்டம் பார் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "வீட்டுல தெனமும் பாக்குறேன் பாய், சோறு வேணுமா கொழம்பு வேணுமான்னு கையிலயே கேக்குறா" என்பாள். அவள் சத்தம் கேட்டால் அக்கா உள்ளிருந்து வெளியே வந்துவிடுவார். சாப்பிட்டாயா என்று அதட்டுவார். அவள்மேல் அக்காவுக்கு உயிர்.

அது கார்த்திகை மாதம். சபரிமலைக்குப் போகும் கூட்டம் குமுளியை அடைத்துக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்து விடாத மழை. மழைக்கு ஒதுங்கியவர்களும் டிக்கெட் வாங்க நின்றதால் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மேடையில் போன் அடிக்கக் கூடாது என்பதால் அக்காவின் போன் என் டிராயரில்தான் கிடக்கும். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது அடித்தது. தங்கச்சி வேலை பார்க்கும் தோட்டத்துக் கங்காணி, மலையாளத்துக்காரர், தமிழும் பேசுவார். கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பாதிதான் கேட்டது. "ஜீப்பு மறிஞ்ஞு, சேச்சியோடு பற..." அக்காவிடம் சொல் என்று முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மலையாளத்தில் மறிஞ்ஞு என்றால் கவிழ்ந்துவிட்டது. தமிழில் மறிப்பது என்றால் தடுத்து நிறுத்துவது. குமுளியில் வேலை பார்க்கிற எவனுக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஆள் அதிகம் ஏற்றிவருகிற ஜீப்புகளை அந்த வாரம் முழுக்கப் போலீஸ் மறித்துக்கொண்டிருந்தது. என் காது அதையே எடுத்துக்கொண்டது. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்.

"போன் அடிச்ச மாதிரி இருந்துச்சே, யாரு?"

"கங்காணிக்கா. ஜீப்ப மறிச்சுட்டாகளாம். தங்கச்சி வர நேரமாகும்."

"மறிச்சுட்டாகன்னா சொன்னாக?"

"ஆமாக்கா."

"தமிழ்லயா சொன்னாக, மலையாளத்துலயா?"

எனக்கு முன்னால் நாற்பது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். சில்லறை இல்லை. உள்ளே முதல் மணி அடித்துவிட்டது. இந்த நேரத்திலுமா இந்தக் கேள்வி என்று தலைக்கு ஏறியது. "தமிழ்லதான்கா. நீங்க உள்ள போங்க" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கூட அதைச் சொல்லவில்லை. அவர் நகர்ந்தால் போதும் என்று இருந்தது. மலையாளத்தில் என்று சொல்லியிருந்தால் அடுத்த நொடி போனைப் பிடுங்கியிருப்பார். அவர் "சரி, வந்தா கொஞ்சம் டீ வாங்கிக் குடு, நனைஞ்சிருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று அந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தவள் கதைதான். ஒரு மணி நேரம் சொன்னார். நான் கவுன்ட்டரில் இருந்து அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து விளக்கை அணைக்கும்போது கூடலூரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் தமிழில் சொன்னார், தெளிவாகச் சொன்னார். ஒரு ஆட்டோ பிடித்து நானும் அக்காவும் கட்டப்பனை ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் தங்கச்சி போய்விட்டாள். ஒரு மணி நேரம் நினைவோடுதான் இருந்திருக்கிறாள். நர்ஸ் பெண் அழுதுகொண்டே, சேச்சியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று மலையாளத்தில் சொன்னது.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொல்லிக் கேட்டா? அவ சொன்ன சொல்ல அப்படியே சொல்லும்மா" என்றார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியாத தமிழைத் தட்டுத் தடுமாறி எடுத்துச் சொன்னது. "'அக்கா வந்துட்டாளா.' அது மாத்திரம்." அக்கா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு சுவரோரமாக உட்கார்ந்தார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

காரியம் முடிந்து இருபது நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். வந்ததும் நேரே கவுன்ட்டருக்குத்தான் வந்தார். எதிரில் யாரும் இல்லை. வரிசை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

"பாய், அன்னைக்குக் கங்காணி போன்ல என்ன சொன்னாக? அந்தச் சொல்ல மட்டும் சொல்லு."

"ஜீப்ப மறிச்சுட்டாகன்னுதான்கா."

"தமிழ்லதான?"

"ஆமாக்கா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சந்தேகப்படவில்லை, அதுதான் கொடுமை. "அப்ப அவுகதான் மறைச்சுட்டாக. வண்டி கவுந்துச்சுன்னு சொன்னா பழி வரும்னு, மறிச்சுட்டாகன்னு சொல்லிருக்காக. உண்மையச் சொல்லிருந்தா நான் போயிருப்பேன் பாய். அவ கேக்கும்போது அங்கன இருந்திருப்பேன்" என்றார். இவ்வளவு வெறுப்பிலும் அவர் அந்த ஆளை 'அவுக' என்றுதான் சொன்னார்.

அந்தக் கங்காணியும் அதே ஜீப்பில்தான் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்து, பள்ளத்தில் கிடந்தபடி, கைக்கு எட்டிய போனில் முதலில் கூப்பிட்டது அக்காவைத்தான். நாலைந்து மாதம் கழித்து, கையில் கட்டு அவிழ்த்த கையோடு, அக்காவைப் பார்க்க வேண்டும் என்று கவுன்ட்டருக்கு வந்து நின்றார். பெரிய மனிதர், குடையை மடக்கிக்கூட வைக்கத் தெரியாமல் தவித்தார். அக்கா உள்ளேதான் இருந்தார். இருவரும் பேசினால் என் கதை முடிந்தது. "அவுக யாரையும் பாக்குறதில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு குமுளி பஜாரில் எத்தனையோ தடவை அவர் எதிரே வந்திருக்கிறார். அக்கா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். எல்லாரிடமும் எல்லாச் சொல்லையும் இரண்டு தடவை கேட்டவர், அந்த ஒரு ஆளிடம் மட்டும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் சொன்னதை அவ்வளவு நம்பியிருந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவார். வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எனக்குத் தூக்கில் கொண்டுவருவார். நான் அதைச் சாப்பிட்டேன்.

இப்படி ஆறேழு வருடம் ஓடியது. முழங்கால் வலி என்று அக்கா வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். போன வருடம் ஒருநாள் குமுளி பஸ் ஸ்டாண்ட் சுவரில் கங்காணியின் படம் போட்டு அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். இனி யாரும் என்னைக் காட்டிக்கொடுக்க முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. அந்த நினைப்பு வந்த வெட்கத்தில்தான் நேரே கூடலூரில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, மழை, எரிச்சல், கங்காணியைத் திருப்பி அனுப்பியது எல்லாம். முடித்ததும், "அவுக சொன்ன சொல்லு என்ன?" என்று கேட்டார்.

"ஜீப்பு மறிஞ்ஞு."

அவர் வாய்க்குள் அதை இரண்டு தடவை சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அழுவார் என்று காத்திருந்தேன். "அவுக வீட்டுல இப்ப யாரு இருக்காக?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் இருவரும் போனோம். வண்டன்மேடு தாண்டி, ஏலச்செடிகளுக்கு நடுவில் சின்ன ஓட்டு வீடு. கங்காணியின் மனைவி வெளியே வந்தார். அக்காவைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார். உள்ளே உட்கார வைத்து எங்கள் இருவருக்கும் பால் இல்லாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். அவரே பேச்சை எடுத்தார். சாகிற வரைக்கும் அந்த மனிதர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கிடந்த இடத்திலிருந்து அந்த நேரமே கூப்பிட்டுச் சொன்னேனே, பிறகு ஏன் அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறது என்று கேட்டுக் கேட்டு உருகினாராம்.

"பறஞ்ஞிருந்நு சேச்சி. கேட்டது தெற்றிப்போயி" என்றார் அக்கா. அவர் சொன்னார், கேட்டதுதான் தவறாகிவிட்டது என்று.

"ஃபோன் எடுத்தது ஆரா?"

போனை எடுத்தது யார் என்று. அது எனக்கான கேள்வி. அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவசரப்படுத்தவில்லை, எனக்காகக் காத்திருந்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"ஞானா" என்றார் அக்கா. நான்தான் என்று.

வாழ்நாளில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லாதவர். அந்த அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு வாக்கு சோதிச்சூடாயிருந்நோ மோளே?" என்று அழுதார். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மகளே. அக்கா தலையைக் குனிந்து, "கேட்டிருக்கணும் சேச்சி" என்றார். அவர் கேட்டார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார் என்று சொல்ல அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். நான் சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தேன்.